கத்திக்குப் பதம்

(பெங்களூர் ஆஸ்டின் டவுனில், மாலை நேர வாசிப்புக் கூட்டம் ஒன்றில், கொல்லுப் பட்டறைக்காரர் ஒருவர் பேசிய பேச்சு)



என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியும். மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. அதனால் துணைக்கு இரண்டு கத்திகளைக் கொண்டு வந்தேன். இதோ மேசை மேல் இருக்கின்றன. பயப்பட வேண்டாம். இரண்டும் இளநீர் வெட்டும் கத்திகள். இந்த ஊரில் இதை மச்சு என்கிறோம். கன்னடத்திலும் அதே பேர்தான். நம் ஊர்ப்பக்கம் அரிவாள், வெட்டரிவாள், கொடுவாள் என்று பல பேர் உண்டு.

இந்த இரண்டும் ஒரே லாரிப் பட்டையில் செய்தவை. ஒரே நாளில் செய்தவை. நான்தான் செய்தேன். ஆனால் ஒன்று வெட்டுகிறது. இன்னொன்று வெட்டவில்லை. ஏன்?

முன் வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். "என் கதையைச் சொல்லுங்க அண்ணே. என் பேரை மட்டும் சொல்லாதீங்க" என்றார். சரி, பேரைச் சொல்லவில்லை. இவர் தள்ளுவண்டியில் இளநீர் விற்கிறார். மத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் காய். காலை முதல் இருட்டும் வரை மச்சு இவர் கையில்தான் இருக்கும்.

இவர் என்னிடம் ஒரு மச்சு வாங்கினார். ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தார். வந்த வேகத்தில் மச்சைத் தரையில் போட்டார்.

"என்ன அண்ணே, கத்தின்னு சொல்லித் தகரத்தைக் கொடுத்துட்டீங்க?"

"ஒரு மாசமா நல்லாத்தானே தங்கச்சி வெட்டுச்சு?"

"வெட்டுச்சு. நேத்து சாயங்காலம் சாணை பிடிச்சேன். இன்னைக்குப் பத்துக் காய் வெட்டல, வாய் மடங்கிப் போச்சு. கை வலி உயிர் போவுது. ஒரு காய்ல கத்தி வழுக்கி விரல் போகப் பார்த்துச்சு."

கத்தியின் கூரான பக்கத்தை நாங்கள் வாய் என்போம். கனமான பக்கம் முதுகு. நான் மச்சை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வாயோரம் சாம்பல் நிறம். அதற்கு மேலே நீலம். அதற்கும் மேலே பழுப்பு. வானவில்லை வரைந்தது போல இருந்தது.

"யாருகிட்ட சாணை பிடிச்சே?"

"ஒரு வெல்டிங் கடையில. கை மெஷின்ல ரெண்டே நிமிஷம். பட்டாசு மாதிரி பொறி பறந்துச்சு. தொட்டுப் பார்த்தா அடுப்பு மாதிரி சூடு."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கத்திக்குக் கூர் சூட்டால் வருகிறது. அந்தக் கூர் சூட்டாலேயே போகவும் செய்யும். நான் ஒரு நாள் முழுக்க நெருப்போடு நின்று ஏற்றிய பதம், இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. எப்படி என்று சொல்ல வேண்டுமானால், முதலில் இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரும்பு எல்லாம் ஒரே இரும்பு அல்ல. ஜன்னல் கம்பி ஒரு வகை. அரம் ஒரு வகை. லாரிக்கு அடியில் வில் போல வளைந்து இருக்கிறதே, அந்தப் பட்டை ஒரு வகை. வித்தியாசம் எதில்? பெரும்பாலும் கரியில். அடுப்புக் கரியில் இருக்கிற அதே பொருள்தான். கார்பன் என்று சொல்வார்கள்.

இட்லி மாவில் உப்புப் போடுகிறோம். எவ்வளவு? கொஞ்சம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் இட்லி சப்பென்று இருக்கும். இரும்பில் கரியும் அப்படித்தான். 100 கிலோ ஜன்னல் கம்பியில் கால் கிலோ கரிகூட இருக்காது. 100 கிலோ லாரிப் பட்டையில் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அரத்தில் ஒரு கிலோவுக்கு மேலே. வார்ப்பிரும்பில் 2 கிலோவுக்கு மேலே. வார்ப்பிரும்பு தோசைக்கல் கைதவறி விழுந்தால் உடைந்துவிடும், பார்த்திருப்பீர்கள். கரி அதிகமானால் இரும்பு நொறுங்கும். கரி குறைந்தால் மடங்கும். ஜன்னல் கம்பியை எத்தனை தடவை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது கத்தி ஆகாது.

இந்தக் கணக்கு நம் நாட்டுக் கொல்லர்களுக்கு வெகு காலத்துக்கு முன்பே கைவசப்பட்டிருந்தது. ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் என்று ஓர் ஊர். அங்கே தோண்டிப் பார்த்தபோது பழைய இரும்பு உலைகள் கிடைத்தன. சங்க கால ஊர் அது. இந்த மைசூர்ச் சீமையிலும் உருக்கு செய்தார்கள். சின்ன மண் குப்பியில் இரும்புத் துண்டைப் போடுவார்கள். கூடவே மரத்துண்டும் இலையும் போடுவார்கள். வாயைக் களிமண்ணால் அடைத்து, உலையில் வைத்து ஊதுவார்கள். இலையும் மரமும் கரியாகி அந்தக் கரி இரும்பில் ஏறும். 1800-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புகானன் என்ற வெள்ளைக்காரர் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். இரும்பு உருக்கும் வேலையையும், உருக்கு செய்யும் வேலையையும் பார்த்து எழுதி வைத்தார்.

கன்னடத்தில் இதற்கு உக்கு என்று பேர். வெள்ளைக்காரர்கள் இதை ஊட்ஸ் என்று எழுதினார்கள். உக்குதான் ஊட்ஸ் ஆனது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இந்த உருக்கு கப்பலேறி அரபு நாடுகளுக்கும் பாரசீகத்துக்கும் போனது. அங்கே வாள் ஆனது.

லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்று ஓர் அறிஞர் இருந்தார். கொல்லர் வீட்டுப் பிள்ளை. 1819 தொடங்கி சில வருடம், கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து நம் உருக்கை ஆராய்ந்தார். அலுமினியம் கலந்திருப்பதால்தான் இதற்கு இந்தக் குணம் என்று நினைத்தார். அது தவறு. கரிதான் முக்கிய காரணம் என்று பிறகு தெரிந்தது. பரவாயில்லை, அதே ஃபாரடே 1821-இல் மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சுழல வைத்துக் காட்டினார். மோட்டாருக்கு அதுதான் தொடக்கம். இன்று சாணை மோட்டார் சுற்றுகிறது என்றால் ஒரு கொல்லர் மகனுக்கும் அதில் பங்கு உண்டு. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம், அதனால் சொன்னேன்.

பிறகு ஆலை உருக்கு மலிவாக வந்து இறங்கியது. மண் குப்பி உலைகள் அணைந்தன. இப்போது நாங்கள் உருக்கு செய்வதில்லை. வாங்குகிறோம். என்னைப் போன்றவர்களுக்குப் பழைய லாரிப் பட்டைதான் உருக்கு. குஜரிக் கடையில் எடைக்கு வாங்குவோம்.

சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிறது. அங்கே செய்யும் அரிவாளுக்கு நாடெங்கும் பேர். இங்கே கர்நாடகத்தில் குடகுக்காரர்களுக்கு ஒடிகத்தி என்று அகலமான கத்தி உண்டு. முதுகில் செருகிக்கொள்வார்கள். செப்டம்பர் மாதம் கைல்போள் பண்டிகையில் ஆயுதங்களை வைத்துக் கும்பிடுவார்கள். வயல் வேலை முடிந்து வேட்டைக்குக் கிளம்பும் காலம் அது.

ஒரு விஷயம் இடையில் சொல்கிறேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்தி ஆயுதச் சட்டத்துக்குள் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்கென்று செய்த கத்திக்கு விலக்கு உண்டு. அதனால் யாராவது அரிவாள் கேட்டு வந்தால், "எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் உலையை மூட்டுவேன். பதில் சொல்லத் தயங்கினால் என் பட்டறையில் வேலை இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். பல வருடம் பாரம் தாங்கிய இரும்பு அல்லவா? நான் பட்டையை நன்றாகத் துடைத்து டீசல் தடவி வைப்பேன். சற்று நேரம் கழித்துத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேய்ப்பேன். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் வெளியே கசியும். வெள்ளையில் கறுப்புக் கோடு விழும். அந்தத் துண்டு வேண்டாம்.

நல்ல துண்டை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறோம். மச்சுக்கு உருவம் வருகிறது. இதில் பேச அதிகம் இல்லை. கை செய்ய வேண்டிய வேலை. சூடு குறைந்து கறுத்த பிறகு அடிக்கக் கூடாது, விரிசல் விடும். அவ்வளவுதான்.

அடித்து முடித்ததும் மறுபடி சிவக்க வைத்து, சாம்பலுக்குள் புதைத்துவிடுவேன். ராத்திரி முழுக்க மெதுவாக ஆறும். காலையில் எடுத்தால் இரும்பு மெத்தென்று இருக்கும். அப்போதுதான் அரம் போட்டு, சாணை பிடித்து, வாய்ப் பக்கத்தை இளைக்க வேண்டும். ஆனால் முழுக் கூர் இப்போதே வைக்கக் கூடாது. வாயில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தை மிச்சம் வைக்க வேண்டும். காகிதம் மாதிரி இளைத்துவிட்டால், தோய்க்கும்போது வாய் கோணிக்கொள்ளும். அல்லது வெடிக்கும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. இதைத் துவைச்சல் என்போம். தோய்ச்சல் என்றும் சொல்வார்கள். கத்தியைக் காய்ச்சித் திடீரென்று குளிர வைப்பது.

எவ்வளவு காய்ச்ச வேண்டும்? அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறீர்கள். ஒரு கொதி முந்தினாலும் அதிரசம் கெடும். ஒரு கொதி பிந்தினாலும் கெடும். இதிலும் அப்படித்தான். என் அப்பா நிறத்தைப் பார்த்தே சொல்வார். பட்டறை ஜன்னலைச் சாத்திவிட்டு, இருட்டில் பார்ப்பார். வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும்.

உங்களுக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன். ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு காந்தத்தில் ஒட்டும். ஆனால் சுமார் 770 டிகிரிச் சூட்டில் ஒட்டாமல் விட்டுவிடும். விசித்திரமாக இருக்கிறதல்லவா? முதன்முதலில் பார்த்தபோது நானும் காந்தம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். காந்தம் விட்ட பிறகு இன்னும் கொஞ்சம் காய வேண்டும். செங்கல் சிவப்பு தாண்டி, நல்ல பழுத்த செம்பருத்தி நிறம். லாரிப் பட்டைக்கு 850 டிகிரி பக்கம். அதற்கு மேலே போய் மஞ்சளித்தால் போச்சு. உள்ளே மணி பெருத்துவிடும். அப்படிக் கெட்ட கத்தியை உடைத்துப் பார்த்தால் உடைந்த இடம் சர்க்கரை கொட்டியது போல மினுங்கும். நல்ல கத்தியை உடைத்தால் மாவு போல, சாம்பல் நிறத்தில் இருக்கும்.

சரியான சூடு வந்ததும் தோய்க்க வேண்டும். எதில்? அப்பா காலத்தில் தண்ணீர். வாயை மட்டும் நனைத்து எடுப்பார்கள். ஆனால் லாரிப் பட்டையைத் தண்ணீரில் விட்டால் பல சமயம் "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் கத்தியைக் குப்பையில் போட வேண்டியதுதான். விரிசல் விட்டுவிட்டது என்று அர்த்தம். இதற்கு எண்ணெய்தான் சரி. எண்ணெய் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பழைய எஞ்சின் ஆயில் சும்மா கிடைக்கிறது என்று பயன்படுத்துகிறார்கள். அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. நான் கடலை எண்ணெய்க்கு மாறிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பஜ்ஜி வாசனை வருகிறது என்று எட்டிப் பார்ப்பார்கள்.

எண்ணெயில் நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் நெருப்பு சிதறிப் பரவும். தகர மூடி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூடினால் அணைந்துவிடும்.

தோய்த்து எடுத்ததும் அரத்தால் தேய்த்துப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் துவைச்சல் ஏறிவிட்டது. ஆனால் இப்போது அது கத்தி அல்ல. கண்ணாடி. தட்டினால் உடையும்.

இந்த இடத்தில் என் வலது கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு 19 வயது. அப்பா வெளியூர் போயிருந்தார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். நிறைய வேலை. ஓர் அரிவாளைத் தோய்த்தேன். கெட்டியாக வந்திருக்கிறது என்று பெருமை. அடுத்த வேலையைச் செய்யாமல், எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று பட்டடை விளிம்பில் ஒரு போடு போட்டேன். வாயிலிருந்து அரிசி அளவு சில்லு தெறித்தது. கண்ணில் யாரோ ஊசியால் குத்தியது போல இருந்தது. நான் கண்ணைக் கசக்கினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. கசக்கக் கசக்கச் சில்லு உள்ளே போனது. ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள். அது மூன்றாவது தப்பு. சில்லை எடுத்துவிட்டார்கள். பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இப்போது இந்தக் கண்ணால் பார்த்தால் நீங்கள் எல்லாரும் புகைக்குள் இருப்பது போலத் தெரிகிறீர்கள்.

அப்பா திரும்பி வந்தார். திட்டவில்லை. அந்த அரிவாளை எடுத்து உலைக்குப் பக்கத்தில் வைத்தார். "பதம் இறக்காத கத்தி பாம்பு மாதிரிடா" என்று மட்டும் சொன்னார்.

பதம் இறக்குவது என்றால் என்ன? தோய்த்த கத்தியை மறுபடி மெதுவாகச் சூடாக்க வேண்டும். ஆறப் போடாமல் அன்றைக்கே செய்ய வேண்டும். முதலில் கத்தியை மணல் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவேன். நிறம் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு ஒரு தடித்த இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, அதன் மேல் மச்சின் முதுகை வைப்பேன். சூடு முதுகிலிருந்து வாய்க்கு மெல்ல நடந்து வரும்.

அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். பளபளப்பான இரும்பில் நிறங்கள் தோன்றும். முதலில் வைக்கோல் நிறம். அது சுமார் 220 டிகிரி. அடுத்து பழுப்பு, 260 பக்கம். அடுத்து கத்தரிப்பூ நிறம், 280 பக்கம். அடுத்து மயில் கழுத்து நீலம், 300 டிகிரி. நீலமும் போய்ச் சாம்பல் வந்தால் இன்னும் மேலே போய்விட்டது என்று அர்த்தம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் கொல்லனுக்கு இதுதான் தெர்மாமீட்டர்.

சூடு ஏற ஏறக் கெட்டித்தன்மை குறையும். உடையாத குணம் கூடும். அதனால் எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது கத்தியின் வேலையைப் பொறுத்தது. சவரக் கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். அது எதையும் ஓங்கி வெட்டுவதில்லை. மச்சு ஒரு நாளைக்கு நூறு காயை ஓங்கி வெட்ட வேண்டும். அதனால் வாய் பழுப்பாகும் வரை விடுவேன். அப்போது முதுகு நீலமாகியிருக்கும். சட்டென்று தண்ணீரில் போட்டு நிறுத்திவிடுவேன். வாய் கெட்டி. முதுகு அடி தாங்கும்.

இப்போது இந்த அம்மாவின் மச்சுக்கு வருவோம்.

நான் பழுப்பில் நிறுத்திய வாய் அது. கை மெஷினில் அழுத்திப் பிடித்தார்கள். மெல்லிய விளிம்புக்குச் சூடு தாங்காது. ஊசி நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் உடனே சிவக்கும். கடப்பாரையைக் காட்டினால் ஒன்றும் ஆகாது. அது போலத்தான். முதுகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே வாய் நீலத்தைத் தாண்டிச் சாம்பலுக்குப் போய்விட்டது. பதம் முழுக்க இறங்கிவிட்டது. அதனால்தான் பத்தாவது காயில் மடங்கியது.

இன்னொரு கெடுதலும் உண்டு. வாய் சிவக்கும் அளவு சூடாகி, அதை அப்படியே தண்ணீரில் முக்கினால், அந்த இடம் மறுபடி கண்ணாடி ஆகும். அடுத்த வெட்டில் சில்லு தெறிக்கும். எங்கே தெறிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சில சாணைக்காரர்கள் நீலத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கிக் கொடுப்பார்கள். பார்க்கப் புதுசு போல இருக்கும். நிறம் தோலில்தான் இருக்கிறது. கேடு உள்ளே இருக்கிறது. நிறத்தைத் தேய்த்தால் பதம் திரும்பி வராது. ஆகவே கத்தியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

சரியாகச் சாணை பிடிப்பது எப்படி? பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். கத்தியைக் கல்லில் அழுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. ஓர் ஓட்டம், ஒரு முக்கு. வெறும் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கை சுடுகிறது என்றால் உடனே முக்குங்கள். கை தாங்கும் சூட்டில் பதம் கெடாது. பொறி வாயைத் தாண்டி இந்தப் பக்கம் வரத் தொடங்கினால் விளிம்பு மெலிந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு, மீதியைக் கையால் கல்லில் தீட்டுங்கள். என்னைக் கேட்டால், தினமும் ராத்திரி ஐந்து நிமிடம் கைக்கல்லில் தீட்டினால் மெஷின் பக்கமே அடிக்கடி போக வேண்டாம்.

வாயைச் சவரக் கத்தி போலத் தட்டையாக இளைக்கச் சொல்லாதீர்கள். மச்சின் வாய் முட்டை ஓடு போல லேசாகப் புடைத்திருக்க வேண்டும். அப்போதுதான் மட்டையைப் பிளந்துகொண்டு போகும். சிக்கிக்கொள்ளாது.

கடைசியாகச் சாணைச் சக்கரம். இது உயிர் விஷயம்.

6 அங்குலச் சக்கரம் போட்ட மேசைச் சாணை நிமிடத்துக்கு 2800 சுற்றுச் சுற்றும். அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 4 அங்குலக் கை மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று. விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் சக்கரம் உடைந்தால் துண்டு குண்டு மாதிரி பறக்கும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். அதில் ஓர் எண் இருக்கும். இந்த வேகத்துக்கு மேல் சுற்றாதே என்று அர்த்தம். 7 அங்குலச் சக்கரத்தில் வழக்கமாக 8500 என்று இருக்கும். அதைக் கொண்டுபோய் 11,000 சுற்றும் சின்ன மெஷினில் மாட்டுகிறார்கள். மாட்டுவதற்கு இடம் போதாது என்று காப்புத் தகட்டைக் கழற்றி எறிகிறார்கள். நீங்கள் எழுத்துக் கற்றவர்கள். மெஷினில் உள்ள எண்ணைப் படியுங்கள். சக்கரத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். சக்கரத்தின் எண் பெரியதாக இருக்க வேண்டும். மெஷினின் எண் பெரியதாக இருந்தால் மாட்டக் கூடாது. என் பட்டறைப் பையன் ஒருவனுக்கு வாசிக்கத் தெரியாது. எண்ணை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவன்தான் எனக்கே கண்ணாடி இல்லாதபோது படித்துச் சொல்கிறான்.

மேசைச் சாணையின் கல்லை மாட்டும் முன்பு விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் மணி போல ஒலிக்கும். விரிசல் கல் உடைந்த பானை போலச் சத்தம் போடும். கண்ணாடி இல்லாமல் சாணைப் பக்கம் போகாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பழைய மணல் கல் சாணையில் வரும் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் இறங்காது. கண்ணில் ஏதாவது குத்திவிட்டால் கசக்க வேண்டாம், பிடுங்க வேண்டாம். ஒரு கப்பை மேலே கவிழ்த்து, கண்ணை அழுத்தாமல் கட்டி, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த அம்மாவின் மச்சை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கெட்ட பகுதி இரண்டு மில்லிமீட்டர்தான். அதைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெதுவாக இளைத்து எடுத்தால், உள்ளே பழைய பதம் அப்படியே இருக்கும். பாதி வேலை முடித்துவிட்டேன். மீதியை உங்கள் முன்னால் செய்யலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். சாணை வெளியே திண்ணையில் இருக்கிறது. யாராவது ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகளைப் பின்னால் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம். தங்கச்சி, நீ இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் இடப்பக்கம் வா. முதல் ஓட்டம் நான். அடுத்த ஓட்டம் நீ.